மாலையில் சேர்ந்த கண்ணிகள்: முத்துக்குளித்துறையின் பெயரறியாப் பாவலர்

இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் பற்றிப் பேசப்படும் அவைகளில் பெயர்கள் ஒரு வரிசையில் வருவது வழக்கம். 1572இல் மதுரையில் அரங்கேறிய ஆயிர மசலாவில் தொடங்கி, உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் நிலைகொண்டு, குணங்குடி மஸ்தான் சாஹிபு வழியாக அண்மைக் காலத்துக்கு வந்து சேரும் வரிசை அது. 1953இல் வெளிவந்த ம. மு. உவைஸ் அவர்களின் ஆங்கில ஆய்வு நூலும், பின்னர் அவரும் பீ. மு. அஜ்மல்கானும் சேர்ந்து தொகுதி தொகுதியாக எழுதிய இலக்கிய வரலாறும், 1973இல் திருச்சியில் கூடிய மாநாடும் அவ்வரிசையை உறுதிப்படுத்தித் தந்தன. அவ்வுழைப்புக்கு இச்சமுதாயம் பட்டுள்ள கடன் பெரிது. நாம் இங்கே எழுத முனைவதோ அவ்வரிசையில் என்றும் நில்லாதவர்களைப் பற்றி. அவர்களுக்குப் புலவர் என்ற பட்டமும் இல்லை. ஆலிம் என்ற சனதும் இல்லை. அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்.

காயல்பட்டினத்தின் பழைய வீடுகளைப் பார்த்தவர்கள் அறிவர். தெருவை நோக்கிய வாசல் ஆண்களுக்கு உரியது. வீட்டின் பின்புறம் ஒரு முடுக்கில் திறக்கும். அம்முடுக்கு வழியாகவே பெண்கள் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்கும், அங்கிருந்து தங்களுக்கான தைக்காவுக்கும் சென்று வருவார்கள். மணமான பின்னும் மகள் தாய்வீட்டிலேயே தங்குவது இவ்வூர் வழக்கம் ஆதலால், பாட்டி, தாய், மகள், பேத்தி என நான்கு தலைமுறைப் பெண்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தனர். ஆண்களோ கொழும்பிலும் வேறு கரைகளிலும் வணிகம் செய்து, ஆண்டுக்கொருமுறையோ இரண்டாண்டுக்கொருமுறையோ ஊர் திரும்புவார்கள். பாட்டு ஒன்று தாயிடமிருந்து மகளுக்கு இடையீடின்றிச் செல்ல இதனினும் வாய்ப்பான அமைப்பு வேறு இருந்திருக்க முடியாது.

அப்பெண்கள் பிறர் பார்வையில் எழுத்தறியாதவர்கள். தமிழ் நெடுங்கணக்கை அவர்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை. ஆனால் குர்ஆன் ஓதுவதற்காக அரபு எழுத்தை அவர்கள் ஐந்து வயதிலேயே கற்றிருந்தனர். அரபுத் தமிழ் என்றும் அர்வி என்றும் நாம் வழங்கும் எழுத்துமுறை அவர்களுக்குக் கைகொடுத்தது இவ்விடத்தில்தான். அரபியின் 28 எழுத்துகளோடு, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளியும் குறியும் கூட்டிய சில எழுத்துகளையும் சேர்த்துத் தமிழை எழுதும் முறை அது. தமிழ்ப் பாட்டொன்றைத் தமிழ் எழுத்தில் கொடுத்தால் படிக்க முடியாத ஒரு மூதாட்டி, அதே பாட்டை அரபெழுத்தில் கொடுத்தால் தடையின்றி ஓதுவார். இவரை எழுத்தறிந்தவர் என்பதா, அறியாதவர் என்பதா? எழுத்தறிவைப் பற்றிய நமது கணக்கே இங்குச் சற்றுத் தடுமாறத்தான் செய்கிறது.

இப்பெண்களை மனத்திற்கொண்டு பாடிய பெரியோர்கள் உண்டு. அவர்களுள் தலையாயவர் காயல்பட்டினத்து ஷாம் ஷிஹாபுத்தீன் வலியுல்லாஹ் (ரஹ்). சுலைமான் வலியுல்லாஹ் (ரஹ்) அவர்களின் மக்கள் ஐவருள் ஒருவர். ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களின் உடன்பிறந்தவர். தமையனாரின் புகழ் அரபுக் கவிதையால் பரவியது. இவரோ ரசூல் மாலை, அதபு மாலை, பெரிய ஹதீது மாணிக்க மாலை என எளிய தமிழில், கண்ணி கண்ணியாகப் பாடக்கூடிய நடையில் நூல்களை யாத்தார். தொழுகை, நோன்பு, பெற்றோர் உரிமை, உண்ணும் முறை, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாறு ஆகிய யாவும் அப்பாட்டுகள் வழியாகவே இக்கரையின் வீடுகளுக்குள் நுழைந்தன. 19ஆம் நூற்றாண்டில் காயலில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் அரபுத் தமிழ் உரைநடையைச் செழிக்கச் செய்தபோது, அவர்களுக்கு ஆயத்தமாய் ஒரு வாசகர் கூட்டம் இருந்தது என்றால், அக்கூட்டத்தை உருவாக்கிய பெருமையில் பாதி இம்மாலைகளுக்கு உரியது.

இதுவரை சொன்னது நூல்களில் உள்ளதுதான். நாம் சொல்ல விரும்புவது நூல்களில் இல்லாத பகுதி.

எமது பாட்டியார் வெள்ளிக்கிழமை இரவுகளில் மாலை ஓதுவார். அச்சுப் புத்தகம் அவர் மடியில் விரிந்திருக்கும். ஆனால் கண் அதில் இராது. ஓரிடத்தில் வந்ததும் குரல் சற்றே தாழும். புத்தகத்தில் இல்லாத நாலைந்து கண்ணிகள் அங்கே வரும். பிறகு குரல் மீண்டும் பழைய நிலைக்கு ஏறிப் புத்தகத்தோடு சேர்ந்துகொள்ளும். சிறுவயதில் நமக்கு இது தெரியாது. அரபுக் கல்லூரியில் ஓதிவிட்டு விடுமுறைக்கு வந்த ஒரு நாள், அவர் அருகிலமர்ந்து புத்தகத்தில் விரல்வைத்துப் பின்தொடர்ந்தபோதுதான் கண்டுகொண்டோம். கேட்டபோது, அது தம் தாயார் சேர்த்த பாட்டு என்றார். கடல் கடந்து போன கணவருக்காக அவ்வம்மையார் இறைவனிடம் கையேந்திய கண்ணிகள் அவை. அவற்றுள் ‘சுதேசிக் கப்பல்’ என்ற சொல் வந்தது.

அச்சொல்லின் எடை அன்று நமக்கு உறைக்கவில்லை. வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்களின் சுதேசி நாவாய்ச் சங்கம் 1906இல் பதிவு பெற்றது. ஹாஜி முகமது பக்கீர் சேட் அதில் 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் கொடுத்தார் என்பதை இன்றும் நம்மவர் பெருமையோடு எடுத்துச் சொல்வர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அதன் கப்பல்கள் ஓடின. 1908இல் வ. உ. சி. சிறை சென்றபின் சங்கம் நலிந்து, சில ஆண்டுகளில் மூடப்பட்டது. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறந்ததும் பயணிகளின் போக்கே மாறிப்போனது. ஆகவே அக்கண்ணிகளின் காலத்தை ஐந்தாறு ஆண்டுகளுக்குள் வரையறுத்துவிடலாம். தமிழ் எழுத்தறியாத, முடுக்கைத் தாண்டி வெளியே வராத ஓர் இளம்பெண், நாட்டு வரலாற்றின் ஒரு பெரு நிகழ்வை, அது நிகழ்ந்துகொண்டிருந்த நாளிலேயே, 200 ஆண்டுப் பழமை வாய்ந்த ஒரு பாட்டின் நடுவே வைத்துத் தைத்திருக்கிறார். எந்தப் பங்குதாரரின் குறிப்பிலும் கிடைக்காத செய்தி இது: அக்கப்பலில் போனவருக்காக வீட்டில் காத்திருந்தவர் என்ன நினைத்தார் என்பது.

நாம் அன்று செய்தது என்ன? ஒரு வலியுல்லாஹ்வின் பாட்டில் கைவைப்பது கூடாது என்று பாட்டியாரிடம் சொன்னோம். மென்மையாகத்தான் சொன்னோம், ஆனால் சொன்னோம். அவர் மறுத்துப் பேசவில்லை. அதன்பின் நம் காதுபடும் இடத்தில் அக்கண்ணிகளை அவர் ஓதவில்லை.

அன்று நம் உள்ளத்தில் இருந்தது ஹதீஸ் கலையின் ஒரு பாடம். அறிவிப்பாளர் ஒருவர் தம் சொல்லை மூலத்தோடு கலந்துவிட்டால் அது ‘முத்ரஜ்’ எனப்படும். கலந்ததைப் பிரித்தெடுப்பது மாணவனின் கடமை. நபிமொழியின் தூய்மையைக் காக்க அக்கட்டுப்பாடு இன்றியமையாதது. அதில் நமக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் அக்கலையின் மறுபாதியை நாம் அப்போது மறந்துவிட்டோம். ஹிஜ்ரி 463இல் காலமான கத்தீபுல் பக்தாதீ அவர்கள் முத்ரஜ் பற்றியே தனி நூல் எழுதினார்கள். எச்சொல் கலந்தது, அதைக் கலந்தவர் யார், எந்த வழியில் அது வந்தது என்று ஒவ்வொன்றாக அதில் ஆராய்ந்து வைத்தார்கள். இடைச்சேர்க்கையைத் தூக்கி எறிந்துவிட்டு அவர்கள் போய்விடவில்லை. சேர்த்தவரின் சொல் அவருடையது என்று பதிந்தார்கள். நாமோ ஒரு மாலைப் பாட்டுக்கு நபிமொழியின் அளவுகோலை எடுத்தோம். அதையும் அரைகுறையாகவே எடுத்தோம்.

பாட்டியார் மறைந்தபின் நடந்தது இன்னும் கனமானது. அவருடைய தகரப் பெட்டியில் சிதைந்த அரபுத் தமிழ்ப் புத்தகங்கள் இருந்தன. சென்னை திருவல்லிக்கேணி ஷாஹுல் ஹமீதிய்யா அச்சகத்தின் பதிப்புகள் சில. கையால் எழுதித் தைத்த சுவடிகள் சில. கறையான் ஏறியிருந்தது. அரபெழுத்துள்ள தாள் காலில் மிதிபடக் கூடாது, குப்பையில் சேரக் கூடாது என்பது நம் மரபு. ஆகவே குடும்பத்தில் ஓதியவர் என்ற முறையில் நம்மிடமே அப்பொறுப்பு வந்தது. வெள்ளைத் துணியில் பொதிந்து, கல் கட்டி, ஒரு வள்ளத்தில் சென்று கடலில் சேர்த்தோம். முழு ஒளுவோடு, பிஸ்மி சொல்லி, மிகுந்த கண்ணியத்தோடு செய்தோம். அச்சுவடிகளை ஒருமுறை திறந்து படித்துப் பார்க்க நமக்குத் தோன்றவேயில்லை. எழுத்து அரபாக இருந்ததால் அவற்றைக் குப்பையில் எறியவில்லை. மொழி தமிழாக இருந்ததால் அவற்றைப் படிக்கவும் இல்லை.

இதே மரபு வேறிடங்களில் வேறு விதமாகப் பயன் தந்திருக்கிறது. யமனின் ஸன்ஆ பெரிய பள்ளிவாசலில் சிதைந்த குர்ஆன் ஏடுகளைக் கூரைக்கும் விதானத்துக்கும் இடையில் இட்டு வைத்திருந்தார்கள். 1972இல் பழுதுபார்க்கும்போது அவை வெளிப்பட்டன. உலகின் மிகப் பழைய குர்ஆன் ஏடுகளுள் சில அவற்றில் இருந்தன. ஸ்பெயினில் மூரிஸ்கோ முஸ்லிம்கள் தங்கள் ஸ்பானிய மொழியை அரபெழுத்தில் எழுதி, விசாரணை மன்றத்துக்கு அஞ்சி வீடுகளுக்குள் மறைத்தனர். 1884இல் அல்மொனாசித் என்னும் ஊரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது அத்தகைய ஏடுகளின் குவியல் கிடைத்தது. அவற்றுள் ஒரு பகுதி மதிப்பறியாமல் எரிந்தது. எஞ்சியதிலிருந்தே அம்மக்களின் உள்வாழ்வு இன்று அறியப்படுகிறது. கூரையும் சுவரும் திருப்பிக் கொடுத்தன. கடல் திருப்பிக் கொடுப்பதில்லை.

மேலைநாட்டார் இத்தகைய படைப்புகளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சு ஓவியர் ழான் துபுஃபே 1945இல், கலைப்பள்ளிகளின் காற்றுப் படாதவர்களின் ஆக்கங்களைத் தேடத் தொடங்கினார். மனநல விடுதிகளிலும் சிறைகளிலும் தனிமையிலும் இருந்தோர் ஆக்கியவை அவை. அவர் சேர்த்தவற்றுக்கு 1976இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1972இல் ரோஜர் கார்டினல் என்ற ஆங்கில அறிஞர் இதை ‘வெளியாரின் கலை’ என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாக்கினார். நம் நாட்டிலும், சாலை ஆய்வாளராகப் பணிபுரிந்த நேக் சந்த், உடைந்த வளையல்களையும் பீங்கான் துண்டுகளையும் கொண்டு சண்டிகரில் யாருமறியாமல் எழுப்பிய கற்சிலைத் தோட்டம் அதே 1976இல்தான் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

இப்பெயர் நம் காயல் பெண்களுக்கு அப்படியே பொருந்தாது. துபுஃபே தேடியவர்கள் மரபறியாத தனியர்கள். இவர்களோ மரபின் நடுமடியில் அமர்ந்து பாடியவர்கள். ஆனால் ‘வெளியே’ என்று சொல்பவர் எந்த வாசலில் நின்று சொல்கிறார் என்ற கேள்வி இரண்டிடத்தும் ஒன்றே. நம் கரையில் வாசல் இரண்டு. தமிழ்ப் பண்டிதர் எழுத்தைப் பார்த்தார். அது அரபு என்று ஒதுங்கினார். அரபு உலமா மொழியைப் பார்த்தோம். தமிழ் என்று ஒதுங்கினோம். இரு சாராரும் ஒதுங்கிய இடத்தில் நின்றுகொண்டிருந்தது ஒரு முழு இலக்கியம்.

உமறுப் புலவரும் ஒருகாலத்தில் வெளியே நின்றவரே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். வாசனைப் பொருள் வணிகரின் மகன். கடிகை முத்துப் புலவரின் மாணவர். எட்டயபுரம் அரசவையின் புலவர். நபிகளாரின் வரலாற்றைப் பாட உரைகேட்டு ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களிடம் சென்றபோது, அவருடைய கோலத்தைக் கண்டு அப்பா அவர்கள் முதலில் தயங்கினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தயக்கம் தீர்ந்தது, சீதக்காதியின் ஆதரவும் கிட்டியது. 5,027 விருத்தங்களில் சீறா பிறந்து, 1842இல் அச்சிலும் ஏறியது. தக்கலை பீர்முகம்மது அப்பா நெசவாளர். அவருடைய ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் ஓரிரவு முழுவதும் ஊர் கூடிப் பாடுவதால் அது வாழ்கிறது. கீழக்கரை ஆசியா உம்மாள், இளையான்குடி கச்சிப்பிள்ளை அம்மாள் முதலிய பெண் ஞானியரின் பெயர்கள் அண்மைக் காலத்தில் ஆய்வாளர்களால் எடுத்துரைக்கப்படுகின்றன. ஆக, தயங்கிய ஆலிம் ஒருவர் மனமிரங்கியபோதோ, ஊர் ஒன்று கூடிப் பாடியபோதோ மட்டுமே வாசல் திறந்திருக்கிறது.

கேரளத்தை நோக்குக. கோழிக்கோடு காழி முஹம்மது 1607இல் அரபு மலையாளத்தில் யாத்த முஹ்யித்தீன் மாலையும் நம் மாலைகளைப் போலவே வீட்டுப் பெண்களால் ஓதப்பட்டு வந்ததுதான். ஆனால் அங்கே மாப்பிளைப் பாட்டு மலையாள இலக்கியத்தின் ஒரு கிளையாக ஏற்கப்பட்டது. கொண்டோட்டியின் மோயின்குட்டி வைத்தியர் (1852–1892) பெயரில் அரசின் துணையோடு ஓர் அகாதமியே இயங்குகிறது. நம்மிடம் ஆர்வலர்கள் இல்லாமல் இல்லை. தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்கள் 1993இல் வெளியிட்ட பெருநூல் இத்துறையில் ஒரு தனிமனிதரின் உழைப்புக்குச் சான்று. அந்நூலிலும் இடம்பெறுவோர் பெரும்பாலும் பெயருடையோர். பெயரில்லாதவர்களை ஒரு நூலாசிரியர் எங்கே போய்த் தேடுவார்?

இக்கரையில் எழுத்தே சேராத இன்னொரு கூட்டமும் உண்டு. முத்துக் குளித்தவர்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயலுக்கு வந்த மார்க்கோ போலோ, சுறாவை மந்திரத்தால் கட்டுவோர் குளிப்பில் இருபதில் ஒரு பங்கு பெற்றதை எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் கடல்கட்டி எனப்பட்ட அவ்வுரிமை பரதவர் குடும்பமொன்றில் வழிவழியாக நின்றது. சலாபம் கூடும்போது பரதவரும் கீழக்கரை, காயல் முஸ்லிம்களும் ஒரே பாரில் ஏழு முதல் பத்துப் பாகம் ஆழத்தில் குளித்தனர். ஒரு மூச்சு, ஒரு கல், ஒரு கயிறு. கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பதே வழக்கம் என்று கரையில் சொல்வார்கள். தங்கையின் வாழ்வு அதில் தொங்குவதால் அவன் கவனமாய்ப் பிடிப்பானாம். சிப்பியை ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலமிட்ட கணக்குகள் உண்டு. துடுப்புப் போடும்போதும் பாய் இழுக்கும்போதும் எழுந்த பாட்டுகளுக்கு அக்கணக்கில் தலைப்பு இல்லை. 1955 முதல் 1961 வரை தூத்துக்குடிக் கரையில் சலாபம் நடந்தது. அதன்பின் நடக்கவில்லை. தொழில் நின்றதும் தொழிற்பாட்டு பாடப்படும் இடமும் நின்றுபோயிற்று.

சில ஆண்டுகளாக நாம் வீடு வீடாகச் சென்று, மாலை ஓதத் தெரிந்த முதியவர்களைத் தேடி வருகிறோம். அனுபவம் ஒன்றைச் சொல்லலாம். எண்பது கடந்த அம்மையார் ஒருவர் கிஸ்ஸாக்களும் முனாஜாத்துகளும் நிறைய அறிந்தவர் எனக் கேள்விப்பட்டுச் சென்றோம். திரைக்கு அப்பாலிருந்து ஸலாம் சொன்னார். வந்த காரணத்தைச் சொன்னதும் பேச்சு நின்றுவிட்டது. சிறிது நேரம் கழித்து, “அதெல்லாம் ஓதக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, ஹஜ்ரத்” என்றார். அவரிடம் நாம் சொன்னதில்லை. எம்மைப் போன்ற வேறொருவர் சொல்லியிருப்பார். அதை விளக்கிக்கொண்டிருப்பதில் பொருளில்லை என்று தோன்றியது. “தப்பாச் சொல்லிட்டோம், உம்மா” என்றோம்.

அவர் நமக்காக ஓதவில்லை. எம்முடன் வந்திருந்த பேத்தி முறையான மாணவியை உள்ளே அழைத்துக்கொண்டார். நாம் திண்ணையில் இருந்தோம். நெடுநேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது; மூச்சு வாங்கி வாங்கி, ஆனால் கண்ணி பிறழாமல். நமக்குத் தெரிந்த ரசூல் மாலைதான். சுதேசிக் கப்பல் வருமா என்று காத்திருந்தோம். பாட்டியார் குரல் தாழும் அதே இடத்தில் இவருடைய குரலும் தாழ்ந்தது. புத்தகத்தில் இல்லாத கண்ணிகள் வந்தன. அவற்றில் கப்பல் இல்லை. சலாபத்துக்குப் போன ஒரு வள்ளமும், அதில் கயிறு பிடித்திருந்த ஒரு தம்பியும் இருந்தார்கள். மாணவி வெளியே வந்தபோது எட்டுக் கண்ணிகளைத் தமிழ் எழுத்தில் குறித்து வைத்திருந்தாள். மற்றவற்றுக்கு அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார். நம்மை அல்ல, அவளை.